கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

அக்கா மகன் கோவையில் பொறியியல் படிக்கிறான். சனிக்கிழமை இரவுகளில் அவனும் நண்பர்கள் நான்கு பேரும் விடுதி அறையில் வட்டமாக உட்கார்ந்து ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவார்கள். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அந்தக் கதைக்குள் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், பொறியில் சிக்குவார்கள், தப்புவார்கள். என்ன ஆகும் என்று தெரியாத இடம் வந்தால் இருபது முகப் பகடை முடிவு சொல்லும். பலகை தேவையில்லை, காய்கள் இருந்தால் வசதி, இல்லாவிட்டாலும் ஆட்டம் நடக்கும். வேண்டியது ஒரு விதிப்புத்தகமும், பகடைகளும், விடிய விடியப் பேசக்கூடிய நண்பர்களும்தான்.

போன விடுமுறையில் அவனே ஒரு சாகசக் கதை எழுதினான். பிற குழுக்கள் வாங்கித் தங்கள் அறையில் நடத்திக்கொள்ளும்படியான முப்பது பக்கப் புத்தகம். அதில் ஃபிளம்ஃப் என்றொரு உயிர் வருகிறது. ஜெல்லி மீன் போலக் காற்றில் மிதக்கும். வெளிறிய உடம்பு, காம்புகளின் நுனியில் கண்கள், அடிப்பக்கம் முட்கள். யாராவது தலைகீழாகப் புரட்டிவிட்டால் எழ முடியாமல் கிடக்கும். ஆபத்து வந்தால் நாற்றம் பிடித்த நீரைப் பீய்ச்சும். அரக்கர்களும் பேய்களும் நிறைந்த பட்டியலில் நல்ல மனம் படைத்த சில உயிர்களில் ஒன்று. புத்தகத்தை விற்பனைக்கு விடுவதற்கு முன் என்னிடம் வந்தான்.

“மாமா, நீங்கதான பழைய ஆவணமெல்லாம் பார்க்கறவரு. இந்த ஃபிளம்ஃபை நான் போட்டுக்கலாமுங்களா? இது யாருதுங்க?”

‘இது யாருது’ என்பதற்கு ஒரு மாலைப் பொழுதில் பதில் கண்டுபிடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஏழு வாரம் ஆனது.

என் வேலை பதிப்பு வரலாறு. எந்த நூல் கைக்கு வந்தாலும் முகப்புக்கு முன்னால் கடைசிப் பக்கத்தைத் திருப்பிவிடுவேன். யார் அச்சிட்டார், உரிமை யாருக்கு, எந்தப் பதிப்பிலிருந்து எது வந்தது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேதான் பொடி எழுத்தில் இருக்கும். அவன் ஃபிளம்ஃபை முதலில் கண்ட புத்தகம், பைசோ நிறுவனம் 2011-ல் வெளியிட்ட ‘பாத்ஃபைண்டர் பெஸ்டியரி 3’. அதன் கடைசிப் பக்கத்தில் ஓர் உரிம ஆவணம் முழுதாக அச்சாகியிருக்கிறது. அதன் முடிவில் ஒரு நீண்ட பட்டியல். பட்டியலுக்கு நடுவே ஃபிளம்ஃபுக்கென்றே தனியாக ஒரு வரி: ‘டோம் ஆஃப் ஹாரர்ஸ்’ என்ற நூலிலிருந்து எடுக்கப்பட்டது, நெக்ரோமான்சர் கேம்ஸ் வெளியீடு, ஆக்கியவர் ஸ்காட் கிரீன், மூலப் படைப்பு இயன் மெக்டவல், டக்ளஸ் நெய்ஸ்மித்.

கற்பனை உயிர் ஒன்றுக்கு இத்தனை துல்லியமான வம்சாவளியை நான் எங்கும் கண்டதில்லை. அன்றைக்குத் தொடங்கியதுதான் இந்தத் தேடல்.

முதலில் அந்தப் பக்கம் ஏன் அங்கே இருக்கிறது என்று பார்த்தேன். ஆவணத்தின் பெயர் ‘ஓபன் கேம் லைசென்ஸ், பதிப்பு 1.0ஏ’. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் உரிமையாளரான அமெரிக்காவின் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது. ஆட்டக்காரர்கள் சுருக்கமாக ஓஜிஎல் என்பார்கள். மொத்தம் 15 பிரிவுகள். முழுவதும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும். ஒரு பதிப்பாளர் தன் ஆட்டத்தின் எந்தப் பகுதியைத் ‘திறந்த உள்ளடக்கம்’ என்று குறிக்கிறாரோ, அதை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். காசு கொடுக்க வேண்டாம், கேட்கவும் வேண்டாம். உரிமத்தின் பிரதி ஒவ்வொரு புத்தகத்துடனும் போக வேண்டும்.

என்னை நிறுத்தியது 15-ஆம் பிரிவு. அது ஒரு தலைப்பும் ஒரு பட்டியலும் மட்டுமே. அந்தப் பட்டியலை எப்படி நிரப்ப வேண்டும் என்று 6-ஆம் பிரிவு சொல்கிறது: யாரிடமிருந்து எடுத்தாலும் அவர் புத்தகத்தின் பட்டியலில் உள்ள அறிவிப்பை எழுத்து மாறாமல் உங்கள் பட்டியலில் ஏற்ற வேண்டும், அதன் பிறகு உங்கள் நூலின் பெயரையும் ஆண்டையும் உரிமையாளரையும் சேர்க்க வேண்டும். உங்களிடமிருந்து எடுப்பவர் உங்களுக்குக் கிடைத்ததோடு உங்களையும் சேர்த்துச் சுமக்கிறார். பட்டியல் தலைமுறைக்குத் தலைமுறை நீள்கிறது.

நன்னூல், பாயிரத்துக்கு இலக்கணம் சொல்லும்போது ஆக்கியோன் பெயருக்கு அடுத்தபடியாகக் கேட்பது ‘வழி’. இந்த நூல் எதன் வழி வந்தது? முதல்நூலா, வழிநூலா, சார்புநூலா? பொடி எழுத்தில் கிடந்த இந்த அமெரிக்க உரிமம் அதே கேள்வியைக் கேட்கிறது. பதில் சொல்லாமல் அச்சிட்டால் உரிமத்தை மீறியதாகிவிடும். பதிப்பு வரலாறு பார்ப்பவனுக்கு இதைவிட நல்ல ஆவணம் வாய்க்காது.

முதல் தடம் எனக்குப் பொய்த்தது. ஃபிளம்ஃப் பழைய உயிர். ஆகவே விசர்ட்ஸ் தானே திறந்துவிட்ட மூல ஆவணத்தில் அது இருக்கும் என்று எண்ணினேன். ‘சிஸ்டம் ரெஃபரன்ஸ் டாக்குமெண்ட்’ என்று அதற்குப் பெயர். எஸ்ஆர்டி என்பது வழக்கு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் எலும்புக்கூடு அது: விதிகள், மந்திரங்கள், உயிரினங்கள், அளவுகள். மூன்றாம் பதிப்பு எஸ்ஆர்டியை வரிவரியாகப் பார்த்தேன். ஐந்தாம் பதிப்புக்காக 2016-ல் வந்த எஸ்ஆர்டி 5.1-ஐயும் பார்த்தேன். இரண்டிலும் ஃபிளம்ஃப் இல்லை. விசர்ட்ஸ் அதை எஸ்ஆர்டியில் திறக்கவே இல்லை.

அப்படியானால் நெக்ரோமான்சர் கேம்ஸ் கைக்கு அது எப்படிப் போனது? 2002-ல் வந்த ‘டோம் ஆஃப் ஹாரர்ஸ்’ நூலைத் தேடிப் பிடித்தேன். பழைய பதிப்புகளோடு கைவிடப்பட்ட நானூற்றுக்கும் மேற்பட்ட உயிரினங்களைப் புது விதிக்கு மாற்றிக் கொடுக்கும் பெரிய தொகுப்பு அது. ஒவ்வோர் உயிரின் கீழும் ஒரு குறிப்பு இருக்கிறது: முதலில் எந்த நூலில், எந்த ஆண்டில் வந்தது, அனுமதி பெற்றுப் பயன்படுத்தப்படுகிறது. அந்தக் கடைசிச் சொற்கள்தான் சாவி. அந்தச் சிறு பதிப்பகம் விசர்ட்ஸிடம் தனியாகப் பேசி, தூசு படிந்து கிடந்த உயிர்களைத் திறந்த உள்ளடக்கமாக வெளியிட அனுமதி வாங்கியிருந்தது. வாங்கியதைத் தனக்கென்று பூட்டி வைக்கவில்லை. எல்லோருக்கும் திறந்துவிட்டு, எடுப்பவர் அந்த உயிரை முதலில் கற்பனை செய்தவரின் பெயரை 15-ஆம் பிரிவில் எழுத வேண்டும் என்ற ஏற்பாட்டை மட்டும் செய்தது. இந்த வரலாறு முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் செயல் இதுதான்.

ஃபிளம்ஃபின் கீழே இருந்த குறிப்பு 1981-க்கு அழைத்துப் போனது. நூல் ‘ஃபீண்ட் ஃபோலியோ’. தொகுத்தவர் டான் டர்ன்புல். ஆட்டத்தை முதலில் வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனத்தின் பிரிட்டிஷ் கிளையை நடத்தியவர் அவர். அந்தத் தொகுப்பின் பெரும்பகுதி ‘ஒயிட் ட்வார்ஃப்’ என்ற பிரிட்டிஷ் இதழுக்கு வாசகர்கள் எழுதியனுப்பிய உயிர்களிலிருந்து வந்தது. சம்பளம் வாங்கும் எழுத்தாளர்கள் அல்லர். ஆட்டக்காரர்கள், மாணவர்கள், தபாலில் தாள் அனுப்பியவர்கள். மெக்டவலும் நெய்ஸ்மித்தும் ஃபிளம்ஃபின் படைப்பாளர்கள் என்பது அந்தப் புத்தகத்திலிருந்து வரும் செய்தி. 1981-ல் அச்சான இரண்டு பெயர்கள், டிஎஸ்ஆர் நிறுவனம் கைமாறி, அதன் பெயரும் மறைந்து, முப்பது ஆண்டு கழித்து வேறொரு நிறுவனத்தின் புத்தகக் கடைசிப் பக்கத்தில் பிழையில்லாமல் இருக்கின்றன. கொண்டுவந்து சேர்த்தது 15-ஆம் பிரிவு.

அதே ஃபீண்ட் ஃபோலியோவின் அட்டையில் இருப்பது கித்யாங்கி என்ற உயிர். பின்னாளில் அறிவியல் புனைவில் பெயர் பெற்ற சார்லஸ் ஸ்ட்ராஸ் பள்ளிப் பருவத்தில் உருவாக்கியது. 1979-ல் ஒயிட் ட்வார்ஃப் இதழில் வெளியானது. பெயரை அவர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் 1977-ஆம் ஆண்டு நாவல் ஒன்றிலிருந்து எடுத்தார். ஒரு நாவலாசிரியரிடமிருந்து ஒரு மாணவருக்கு, மாணவரிடமிருந்து ஓர் இதழுக்கு, இதழிலிருந்து ஒரு நூலுக்கு என்று வந்த உயிர். இன்று அது எங்கே இருக்கிறது என்று பார்த்தால், ஓஜிஎல்லில் ‘தயாரிப்பு அடையாளம்’ என்றொரு வகை உண்டு; நிறுவனம் தனக்கென்று ஒதுக்கிக்கொள்ளும் பெயர்கள் அதில் வரும். விசர்ட்ஸின் பட்டியலில் கித்யாங்கி இருக்கிறது. யாரும் தொடக்கூடாது. எஸ்ஆர்டியில் மந்திரங்களின் தலையிலிருந்த மந்திரவாதிப் பெயர்கள்கூட இதே காரணத்தால் உதிர்ந்தன: ‘டென்சரின் மிதக்கும் தட்டு’ வெறும் ‘மிதக்கும் தட்டு’ ஆனது. ஒரே நூலில் பக்கம் தள்ளிப் பிறந்த இரண்டு உயிர்களில் ஒன்று உலகத்துக்கு, ஒன்று நிறுவனத்துக்கு. தன்மையாலோ தரத்தாலோ வந்த வேறுபாடு அல்ல இது. எதில் காசு இருக்கிறது என்று 2000-ஆம் ஆண்டில் ஒரு நிறுவனம் போட்ட கணக்கு.

இவ்வளவு கவனமாகக் கணக்குப் போட்டவர்கள் கதவைத் திறந்ததே ஏன்? இது எனக்கு அடுத்த கேள்வி ஆயிற்று. ஏனென்றால் அதற்கு முன்பிருந்த டிஎஸ்ஆரின் வரலாறு வேறு மாதிரி.

கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய ஆட்டத்தை டிஎஸ்ஆர் 1974-ல் விஸ்கான்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா ஊரிலிருந்து ஆயிரம் பிரதிகளோடு தொடங்கியது. 1976-ல் இல்லினாயின் ஜட்ஜஸ் கில்டு என்ற சிறு பதிப்பகம் அனுமதியோடு துணை நூல்கள் போட்டது; வெளியார் பதிப்புக்கு அதுதான் பிள்ளையார் சுழி. பிறகு இறுகியது. மேஃபேர் கேம்ஸ் ‘ரோல் எய்ட்ஸ்’ என்ற வரிசையை 1982-ல் தொடங்கி, 1984-ல் டிஎஸ்ஆரோடு ஓர் உடன்படிக்கையும் செய்துகொண்டது. 1991-ல் அதை மீறியதாகச் சொல்லி டிஎஸ்ஆர் வழக்குப் போட்டது. வழக்குக்குப் பின் அந்த வரிசையின் உரிமைகளை டிஎஸ்ஆரே வாங்கி மூடிவிட்டது. 1994-ல் ரசிகர்கள் தாங்களே எழுதியவற்றைக் கணினி வலையில் பகிர்ந்துகொள்வதற்கும் கட்டுப்பாடு வந்தது. விளையாட்டின் விதிக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை விளக்கும் எழுத்துக்குத்தான் உண்டு என்பது அமெரிக்கச் சட்டம். 1879-ன் பேக்கர் எதிர் செல்டன் தீர்ப்பிலிருந்து வருவது. ஆனால் விதி எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்று கோடு போட நீதிமன்றம் போக வேண்டும். சிறு பதிப்பாளருக்கு அந்தச் செலவு தாங்காது. பயமே வேலியாக இருந்தது.

1997-ல் கடனில் மூழ்கிய டிஎஸ்ஆரை விசர்ட்ஸ் வாங்கியது. அங்கே ஆட்டப் பிரிவின் பொறுப்புக்கு வந்த ரயன் டான்சி வேறு விதமாக யோசித்தார். ஒரு குழுவுக்குப் புதுப்புதுக் கதைப் புத்தகங்கள் வேண்டும். ஆனால் ஒரு கதைப் புத்தகத்தை நடத்துநர் ஒருவர்தான் வாங்குவார். லாபம் விதிப்புத்தகத்தில், அதை எல்லோரும் வாங்குகிறார்கள். அப்படியென்றால் கதைகளை மற்றவர்கள் எழுதட்டும். எவ்வளவு பேர் ஒரே விதியில் எழுதுகிறார்களோ அவ்வளவு பேர் அந்த விதியைக் கற்பார்கள், விதிப்புத்தகம் விற்கும். கட்டற்ற மென்பொருள் இயக்கத்தின் ஜிபிஎல் உரிமத்தை முன்மாதிரியாக வைத்து ஓஜிஎல் எழுதப்பட்டது. கூடவே ‘டி20’ முத்திரைக்கென்று தனி உரிமம் ஒன்றும் வந்தது. அந்த முத்திரையை அட்டையில் போட வேண்டுமானால், பாத்திரத்தை உருவாக்கும் முறையை உங்கள் புத்தகத்தில் விளக்கக்கூடாது. அதற்கு விசர்ட்ஸின் விதிப்புத்தகம் தேவை என்று எழுத வேண்டும். வியாபாரத்தின் கொக்கி அங்கே இருந்தது. ஆனால் வியாபாரம் மட்டுமே நோக்கமல்ல என்று டான்சி பின்னர் சொல்லியிருக்கிறார்: உரிமையாளரின் மனம் மாறினாலும் இந்த ஆட்டம் சந்தையிலிருந்து மறையக் கூடாது என்பதும் அவர் நினைப்பு. டிஎஸ்ஆர் தன் கடைசி மாதங்களில் புத்தகம் அச்சிட முடியாமல் நின்றதைப் பார்த்தவர் அவர்.

2000 ஆகஸ்டில், ஜென் கான் ஆட்ட விழாவில் மூன்றாம் பதிப்பின் விதிப்புத்தகம் விற்பனைக்கு வந்த அதே நாட்களில் அட்லஸ் கேம்ஸின் ‘த்ரீ டேஸ் டு கில்’, கிரீன் ரோனினின் ‘டெத் இன் ஃப்ரீபோர்ட்’ என்று வெளியார் சாகசங்களும் மேசையில் இருந்தன. அடுத்த மூன்று ஆண்டுகள் கடைகள் நிரம்பி வழிந்தன. பிறகு தேவைக்கு மேல் குவிந்து பல பதிப்பகங்கள் நொடித்தன. 2003-ல் பாலியல் பொருள் கொண்ட ஒரு நூல் வரப்போகிறது என்று தெரிந்ததும் விசர்ட்ஸ் டி20 முத்திரையின் விதிகளில் ஒழுக்கக் கட்டுப்பாட்டைச் சேர்த்தது. அந்த நூல் முத்திரையைக் கழற்றிவிட்டு ஓஜிஎல் மட்டும் கொண்டு வெளிவந்தது. முத்திரையைத் திரும்பப் பெற முடியும், உரிமத்தைத் தொட முடியாது என்பது அன்றைக்கே கண்ணுக்குத் தெரிந்த வேறுபாடு.

2006-ல் ‘ஆஸ்ரிக்’ என்றொரு நூல் வந்தது. அச்சில் இல்லாமல் போன முதல் பதிப்பு விதிகளை, எஸ்ஆர்டியிலிருந்து கிடைத்த திறந்த சொற்களைக் கொண்டே திரும்பக் கட்டிய நூல். கறையான் அரித்த ஏட்டை வேறு பிரதிகளின் துணையோடு மீட்பவருக்கு அந்த உழைப்பின் அருமை தெரியும். 2008-ல் நான்காம் பதிப்பு வந்தபோது விசர்ட்ஸ் ஓஜிஎல்லைக் கைவிட்டு, கட்டுப்பாடு மிகுந்த வேறோர் உரிமத்தைக் கொடுத்தது. பைசோ அதை ஏற்காமல் பழைய எஸ்ஆர்டியை எடுத்து 2009-ல் பாத்ஃபைண்டர் என்ற தன் ஆட்டத்தையே உருவாக்கியது. நான் தொடங்கிய புத்தகம் அந்த வழியில் வந்ததுதான்.

இங்கே நிறுத்தியிருந்தால் மருமகனுக்கு ‘போட்டுக்கோ’ என்று சொல்லியிருப்பேன். ஆனால் 2023 ஜனவரி குறுக்கே நின்றது.

அந்த மாதம் 5-ஆம் தேதி, பத்திரிகையாளர் லிண்டா கொடேகா கிஸ்மோடோ இணையத் தளத்தில் ஒரு செய்தி வெளியிட்டார். விசர்ட்ஸ் ஓஜிஎல் 1.1 என்ற புது வரைவைத் தயாரித்திருக்கிறது, ஆண்டு வருவாய் 7,50,000 டாலரைத் தாண்டினால் மிகுதியில் 25 சதவீதம் வரை கட்ட வேண்டும், படைப்புகளைப் பதிவு செய்ய வேண்டும், பழைய 1.0ஏ இனி ‘அங்கீகரிக்கப்பட்ட’ உரிமம் அல்ல. கடைசிச் செய்திதான் எல்லோரையும் உலுக்கியது. 23 ஆண்டுகளாக அந்தப் பக்கத்தை நம்பி அச்சிட்டவர்களின் காலடி மண் நகர்ந்தது.

‘அங்கீகரிக்கப்பட்ட’ என்ற அந்தச் சொல்லைத் தேடி உரிமத்துக்குள் திரும்பப் போனேன். 4-ஆம் பிரிவு, உரிமம் நிரந்தரமானது என்கிறது. திரும்பப் பெற முடியாதது என்று சொல்லவில்லை. முடிவுக்கு வரும் வழி 13-ஆம் பிரிவில் ஒன்றே ஒன்று: விதியை மீறி, அது தெரிந்து 30 நாளுக்குள் சரிசெய்யாவிட்டால் மீறியவருக்கு உரிமம் போகும். 9-ஆம் பிரிவில்தான் சிக்கல். விசர்ட்ஸ் புதிய வடிவங்களை வெளியிடலாம். பயன்படுத்துபவர் ‘அங்கீகரிக்கப்பட்ட எந்த வடிவத்தையும்’ கைக்கொள்ளலாம். அங்கீகாரம் என்றால் என்ன, கொடுத்ததைப் பறிக்க முடியுமா என்று விளக்கம் எங்கும் இல்லை. எழுதியவர்கள் அதை ஒரு பாதுகாப்பாக எழுதினார்கள்; வாசித்தவர்கள் அதை ஒரு கத்தியாகத் திருப்பினார்கள்.

எழுதியவர்களின் மனதில் என்ன இருந்தது என்பதற்குச் சமகாலச் சான்று வேண்டும். பின்னாளில் யார் என்ன சொன்னாலும் அது நினைவுதான், ஆவணமாகாது. டான்சி 2023-ல், திரும்பப் பெறும் அதிகாரம் விசர்ட்ஸுக்கு இல்லை என்று வெளிப்படையாகவே சொன்னார். எனக்கு அதைவிடப் பழையது வேண்டியிருந்தது. அது இன்டர்நெட் ஆர்க்கைவின் சேமிப்பில் இருந்தது: விசர்ட்ஸ் தன் தளத்தில் வைத்திருந்து பின்னர் எடுத்துவிட்ட, 2004-ஆம் ஆண்டின் கேள்வி பதில் ஏடு. நாளைக்கு விசர்ட்ஸ் உரிமத்தை மோசமாக மாற்றிவிட்டால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அங்கே நிறுவனமே பதில் சொல்கிறது. மாற்றம் பிடிக்காவிட்டால் முந்தைய வடிவத்தையே நீங்கள் தொடர்ந்து பயன்படுத்தலாம் என்பதே அந்தப் பதிலின் சாரம். எழுதிய கையே எழுதிய பொருளுரை. அந்த ஜனவரியில் ஆட்டக்காரர்கள் பலரும் இதே ஏட்டைத் தோண்டி எடுத்து ஒருவருக்கொருவர் காட்டினார்கள். யாரோ சேமித்து வைத்திருந்ததால்தான் அது முடிந்தது.

எதிர்ப்பு பெரிதானது. பைசோ, கேயாசியம், கிரீன் ரோனின், கோபோல்ட் பிரஸ் உள்ளிட்ட பதிப்பாளர்கள் ‘ஆர்க்’ என்ற பொது உரிமம் ஒன்றை உருவாக்கக் கைகோத்தார்கள். அதை எழுதிய சட்ட நிறுவனத்தில் இருந்தவர், 2000-ல் விசர்ட்ஸில் ஓஜிஎல் உருவானபோது அங்கே வழக்கறிஞராக இருந்த பிரையன் லூயிஸ். விசர்ட்ஸ் தன் அடுத்த வரைவைக் கருத்துக் கேட்புக்கு வைத்தது. வந்த 15,000-க்கும் மேற்பட்ட பதில்களில் 88 சதவீதம் பேர் அந்த உரிமத்தில் வெளியிட விரும்பவில்லை என்றார்கள். ஜனவரி 27-ஆம் தேதி விசர்ட்ஸ் பின்வாங்கியது. 1.0ஏ-வைத் தொடுவதில்லை, அதற்கு மேல், எஸ்ஆர்டி 5.1 முழுவதும் கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி-பிஒய் 4.0 உரிமத்தில். அந்த உரிமத்தின் உள்ளே ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் இருக்கிறது. விடுபட்டிருந்த சொல் கடைசியில் வந்துசேர்ந்தது.

எல்லோரும் கொண்டாடினார்கள், கொண்டாட வேண்டிய வெற்றிதான். நான் என் பழக்கப்படி 2016 எஸ்ஆர்டியையும் 2023 எஸ்ஆர்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடம் ஒப்பிட்டேன். சுமார் 400 பக்கம். உள்ளே ஆட்டம் அதேதான். உரிமப் பக்கம் வேறு.

2016-ன் 15-ஆம் பிரிவில் பத்து ஆசிரியர்கள் இருக்கிறார்கள்: மைக் மியர்ல்ஸ், ஜெரமி கிராஃபோர்ட், கிறிஸ் பெர்கின்ஸ், ராட்னி தாம்ஸன், பீட்டர் லீ, ஜேம்ஸ் வயட், ராபர்ட் ஜே. ஷ்வால்ப், புரூஸ் ஆர். கார்டெல், கிறிஸ் சிம்ஸ், ஸ்டீவ் டவுன்ஷெண்ட். அதற்குப் பிறகு, மூலப் படைப்பு ஈ. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன். 2023-ல் பயன்படுத்துவோர் அச்சிட வேண்டும் என்று கேட்கப்படுவது ஒரு வாசகம்: இந்த நூலில் விசர்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனத்தின் எஸ்ஆர்டி 5.1-லிருந்து எடுத்த பகுதி இருக்கிறது. நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. மனிதர் பெயர் ஒன்றுகூட இல்லை.

பன்னிரண்டு பெயர்கள் உதிர்ந்திருக்கின்றன. சட்டப்படி எந்தத் தவறும் இல்லை. நிறுவனம் தன் சொத்துக்குத் தன் பெயரைக் கேட்கிறது. ஆனால் ஆர்னசனின் பெயர் அந்த வரிக்கு எப்படி வந்தது என்று தெரிந்தால் மனம் ஆறாது. முதல் நூலின் இணை ஆசிரியரான அவர், அடுத்து வந்த நூல்களில் தன் பெயரும் பங்கும் இல்லாமல் போனதால் 1979-ல் டிஎஸ்ஆர் மீது வழக்குத் தொடுத்தார். 1981-ல் நீதிமன்றத்துக்கு வெளியே சமரசமானது. மெக்டவல், நெய்ஸ்மித் பெயர்களோடு ஃபீண்ட் ஃபோலியோ வந்த அதே ஆண்டு. வழக்காடிப் பெற்ற பெயரை 15-ஆம் பிரிவு ஆயிரக்கணக்கான கடைசிப் பக்கங்களில் ஏற்றி வைத்தது. கேட்காமலே, யாரும் வாசிக்காமலே, எழுத்து மாறாமல். கைகாக்ஸ் 2008-லும் ஆர்னசன் 2009-லும் இறந்தார்கள். அவர்களுக்குப் பிறகும் அந்த வரி அச்சாகிக்கொண்டிருந்தது. சட்டப் பாதுகாப்பில் சிசி உரிமம் ஓஜிஎல்லைவிட உறுதியானது என்பதில் எனக்கு ஐயமில்லை. வழி சொல்வதில் ஓஜிஎல்தான் உயர்ந்தது.

ஆகவே எஸ்ஆர்டியைப் பயன்படுத்தி எழுதும் சிறு பதிப்பாளர்களுக்கு, இந்தக் கட்டுரை அவர்கள் கண்ணில் படுமானால், ஒரு வேண்டுகோள். நிறுவனம் கேட்கும் வாசகத்தை அப்படியே போடுங்கள். நிறுவனத்தைக் குறித்து வேறெதுவும் சேர்க்க வேண்டாம் என்று அது கேட்டிருப்பதையும் மதியுங்கள். ஆனால் அந்த விதிகளை எழுதிய மனிதர்கள் யார் என்று உங்கள் முன்னுரையில் சொல்வதை எந்த உரிமமும் தடுக்கவில்லை. பன்னிரண்டு பெயர்களுக்கு இரண்டு வரி போதும்.

மருமகனுக்கு வருகிறேன். அவன் எழுதிய ஃபிளம்ஃப் மனங்களோடு பேசியது, மனோசக்தியை உறிஞ்சி வாழ்ந்தது. அது விசர்ட்ஸ் 2014-ல் வெளியிட்ட ‘மான்ஸ்டர் மேனுவல்’ நூலின் ஃபிளம்ஃப். அந்த உடம்பு பூட்டப்பட்டது. திறந்திருப்பது 2002-ன் உடம்பு. அவனிடம் இரண்டையும் காட்டினேன்.

“அப்ப மனசுல பேசறதை எடுத்தரணுமுங்களா மாமா?”

“எடுத்துடு. நாத்தத் தண்ணியும் முள்ளும் மிதக்கறதும் உன்னோடது மாதிரி வெச்சுக்கோ. கடைசிப் பக்கத்தை மட்டும் ஒழுங்கா எழுது.”

ஒரு வாரம் உட்கார்ந்து திருத்தினான். ஓஜிஎல் 1.0ஏ-வின் கீழ்தான் வெளியிட்டான், ஃபிளம்ஃப் அந்த வழியில்தான் வர முடியும் என்பதால். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் 15-ஆம் பிரிவில் நான்கு பதிவுகள் இருக்கின்றன. முதலாவது உரிமத்துக்கு. இரண்டாவது எஸ்ஆர்டி 5.1-க்கு, பன்னிரண்டு பெயர்களோடு. மூன்றாவது ஃபிளம்ஃபுக்கு, ஸ்காட் கிரீன், இயன் மெக்டவல், டக்ளஸ் நெய்ஸ்மித். நான்காவது அவனுடைய பெயர்.